ஹலோ வேண்டாம், சொல்ல வந்ததைச் சொல்லுங்கள்

மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு யாராவது அந்தச் சந்துக்குள் நுழைந்தால், எங்கே போகிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். தச்சுப் பட்டறையை ஒட்டினாற்போல் இருக்கும் தையல்காரி வீட்டுக்குத்தான். வாசலில் நின்று, "நான் பேசுறது அந்தப் பக்கம் கேக்க மாட்டேங்குதாம்" என்பார்கள். அவள் கையிலிருக்கும் துணியை மடித்து வைப்பாள். தையல் இயந்திரத்தில் பஞ்சு தட்டும் சின்னத் தூரிகையை எடுத்து, திரைக்கு மேலே குண்டூசி முனை அளவில் இருக்கும் மைக் துளையை இரண்டு தரம் தட்டுவாள். பிறகு, "பேசுங்க" என்பாள்.

எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "ஹலோ! ஹலோ! கேக்குதா?"

அவள் தலையாட்டிவிடுவாள். "ஹலோ வேணாம். அந்தப் பக்கம் என்ன சொல்லப் போறீங்களோ, அதைச் சொல்லுங்க."

சிலர் சிரிப்பார்கள். சிலர் முகம் மாறிப்போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகி வந்த மீசைக்காரர் ஒருவர், "எனக்கு இந்த வேலை ரொம்ப முக்கியம் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கி, கண் கலங்கிவிட்டது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் குரலை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரே ஒரு வேடிக்கை.

அவள் குரல் அவ்வளவு சின்னது. பள்ளியில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்றுதான் சொல்வாள். அது மூன்றாவது வரிசையைத் தாண்டாது. ஏழாம் வகுப்பு முடிகையில் வருகைப் பதிவேட்டின்படி அவள் பாதி நாள் பள்ளிக்கே வரவில்லை. "போகாத பள்ளிக்கூடத்துக்கு எதுக்குப் புத்தகம்?" என்றார் அப்பா. போனேன் என்று அவள் சொன்னாள். அது அவருக்கும் கேட்கவில்லை. அதோடு படிப்பு நின்றது.

அதற்கப்புறம் அவளுக்கு வாய் என்று ஒன்று இருந்தது என்றால் அது அவளுடைய அக்காதான். கடையிலும் பேருந்திலும் ஆஸ்பத்திரியிலும் அக்கா பேசுவாள். இவள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். "இவ பேசுறது கேக்கணும்னா காதைக் கழட்டி இவ வாய்கிட்ட கொண்டு போய் வைக்கணும்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அக்காவின் கணவர் சாலை விபத்தில் போனார். நான்கு வருடம் கழித்து, சிறுநீரகம் கெட்டு அக்காவும் போனாள். அக்காவின் ஏழு வயது மகள் குட்டி, சித்தியான இவளோடு வந்து சேர்ந்தாள். ஒரு பெட்டி, ஒரு ஜோடிச் செருப்பு, பள்ளியில் கொடுத்த ஒரு சின்ன மடிக்கணினி. அவ்வளவுதான் அவள் கொண்டு வந்தது.

இரண்டு வருடம் கழித்துக் குட்டியின் பெரியப்பா குழந்தைகள் நல அலுவலகத்துக்கு மனுப் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை, வீடு பெரியது, தம்பி மகளைத் தாங்கள் வளர்க்க வேண்டும் என்று ஆசை. அவர்கள் இருப்பது வெகுதூரத்து ஊர் என்பதால், இரண்டு தரப்பையும் வீடியோ அழைப்பில் வைத்தே விசாரிப்பதாக அலுவலகம் சொல்லிவிட்டது.

முதல் அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குழந்தை வீட்டில் இருக்கக் கூடாது என்பது விதி. குட்டி பள்ளிக்குப் போயிருந்தாள். நோட்டுப் புத்தகம் அளவே இருந்த திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் கண்ணாடி போட்ட நல அலுவலர். ஒன்றில் பெரியப்பா. ஒன்றில் இவள்.

பெரியப்பாவுக்கு ஏலக்கூடத்தில் வேலை. பழைய பீரோவையும் கட்டிலையும் கூவி விற்கிறவர். அவர் குரல் மடிக்கணினியின் ஓட்டை ஒலிபெருக்கியிலும் கணீரென்று வந்தது. "எங்க ரத்தம் மேடம். ராணி மாதிரி வெச்சுக்குவோம்." அவர் தோளுக்குப் பக்கத்தில் பெரியம்மாவின் பாதி முகம் தெரிந்தது. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பின்னால் அலமாரியில் ஒரு புதுப் பள்ளிப்பை இருந்தது. கடைச்சீட்டு இன்னும் அதில் தொங்குவதைக்கூட இவள் கவனித்தாள்.

அலுவலர் இவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இந்தக் குழந்தை உங்ககிட்டயே இருக்கணும்னு விரும்புறீங்களா?"

அவள் சொன்னாள். வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. நடுவில் ஒரு தரம் அலுவலர், "கொஞ்சம் சத்தமா, அம்மா" என்றார். அவள் தன்னால் முடிந்த மட்டும் சத்தமாகவே சொன்னாள். அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அலுவலர் எதையோ எழுதிக்கொண்டு, "சரி" என்றார். அழைப்பு முடிந்தது.

பதிமூன்று நாள் கழித்துக் கடிதம் வந்தது. இவள் தைத்துக்கொண்டிருக்க, குட்டிதான் வழக்கம்போல உரக்கப் படித்தாள். "சித்தியிடம் கேட்கப்பட்ட நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கவில்லை. குழந்தையை வைத்துக்கொள்வதில் அவருக்கு விருப்பம் இருப்பதாகத் தெரியவில்லை. வரும் பதினெட்டாம் தேதி மறுபடி பேசியபின் முடிவு..."

குட்டி அங்கேயே நிறுத்திவிட்டாள். இயந்திரமும் நின்றது.

"சித்தி, நான் வேணாம்னு சொல்லிட்டியா?"

"இல்லடி."

"அப்ப வேணும்னு சொன்னியா?"

"சொன்னேனே."

"இதுல இல்லையே."

அன்று சாயங்காலம் குட்டி, கட்டிலுக்கடியில் கிடக்கும் செருப்பை எடுத்துக் கொண்டுபோய்க் கதவோரம் வைத்தாள். அதன் பக்கத்தில் புத்தகப் பையையும் வைத்தாள். மறுநாளும் அப்படியே. யாராவது வந்து கூப்பிட்டால் தேட வேண்டாமே என்பதுபோல.

கடிதத்துக்கும் பதினெட்டாம் தேதிக்கும் நடுவில் எட்டு நாள்தான் இருந்தது.

முதல் வேலையாக அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் பழுது பார்ப்பவரிடம் போனாள். அவர் மைக் படம் போட்ட பொத்தானைப் பார்த்தார், அணைந்திருக்கவில்லை. எந்த மைக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்தார், அதுவும் சரி. தன் கைபேசியை அழைப்பில் சேர்த்துக் காதில் வைத்துக்கொண்டு, "எங்க, ஹலோ சொல்லுங்க" என்றார்.

கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் திரட்டி, "ஹலோ!" என்றாள்.

"ஜோராக் கேக்குதே! மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு நீங்கதான் பயப்படுறீங்க போலிருக்கு."

நாலு பேரும் சிரித்தார்கள். அவள் காது மடல் சுட, வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

பக்கத்துப் பட்டறைத் தச்சர் வாசலில் நின்றபடியே அவள் முகத்தைப் படித்துவிட்டார். அறுபதை நெருங்கும் மனிதர். மின்ரம்பத்தோடு முப்பது வருடம் இருந்ததில் கத்தித்தான் பேசுவார். விஷயத்தைக் கேட்டதும், "குடும்மா உன் போனை. நான் பட்டறையில வெச்சுக் கேக்குறேன். நீ உள்ள உக்காந்து பேசு" என்றார்.

"என்னண்ணே பேசுறது?"

"எதையாவது பேசு. என்னைத் திட்டேன்! ரம்பத்தை நிறுத்துடா கிழவான்னு எத்தனை நாளா மனசுக்குள்ள வெச்சிருக்க!"

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். ஹலோ என்றாள். அப்புறம் வேறு எதுவும் வாயில் வரவில்லை. அலுவலரிடம் சொன்ன பதில்தான் வந்தது. தச்சர் கேட்டுக்கொண்டிருப்பாரே என்று கூச்சமாக இருந்தாலும் முழுவதும் சொல்லி முடித்தாள். எழுந்து பட்டறைக்குப் போனபோது, கைபேசி மரத்தூளின் மேல் கிடந்தது. தச்சர் ஒரு சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சாண்ணே?"

"ஹலோன்னு சொன்னே. நல்லாக் கேட்டுச்சு. அப்புறம் சத்தத்தையே காணோம். யாரோ துணி தைக்க வந்துட்டாங்க, எழுந்து போயிட்டியோன்னு நெனச்சேன். ஏம்மா, ஏன் இப்படி நிக்கிற?"

"நான் பேசிக்கிட்டேதான் இருந்தேன்."

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். "எவ்வளவு நேரம்?"

"நாலு அஞ்சு நிமிஷம்."

அவர் கைபேசியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவள் திரும்பி வந்து மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்திருந்தது. தொடவில்லை. படிப்பு இல்லாவிட்டாலும் பார்க்கிற பழக்கம் அவளிடம் உண்டு. ஒரு சட்டையைப் பார்த்தே எந்தத் தோள் இறங்கியவருடையது என்று சொல்லிவிடுவாள். அதே கண்ணால் திரையைப் பார்த்தாள். வீடியோ அழைப்புக்கான அமைப்புகளைத் திறந்தால், மைக் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு. ஹலோ என்றால் துள்ளி மேலே ஏறுகிறது. மெதுவாகப் பேச ஆரம்பித்தால் கொஞ்சம் ஏறுகிறது, ஒரு நொடி நடுங்குகிறது, பிறகு படுத்துவிடுகிறது. பேசப் பேசப் படுத்தே கிடக்கிறது.

இரண்டு நாள் அதையே பார்த்தாள். மூன்றாம் நாள், அவசரமாக ஒரு பாவாடைக்கு மடிப்புத் தைக்க வேண்டியிருந்தது. மடிக்கணினி திறந்தே இருந்தது. காலை அழுத்தியதும் தையல் இயந்திரத்தின் மோட்டார் உறுமியது. தற்செயலாகத் திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடு கொஞ்சம் ஏறியது. ஒரு நொடி நடுங்கியது. படுத்துவிட்டது.

காலை எடுத்தாள். "குட்டி" என்று மெதுவாகச் சொன்னாள். கோடு ஏறியது, நடுங்கியது, படுத்தது. மறுபடி மோட்டார். மறுபடி அவள் குரல். இரண்டுக்கும் கோட்டில் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. போன வருடம் பள்ளிக் கட்டடத்தில் வேலை நடந்தபோது மூன்று மாதம் குட்டிக்கு வீட்டிலேயே பாடம். "உங்க வீட்டு மிஷின் சத்தத்துல மத்த பிள்ளைங்களுக்குப் பாடம் கேக்கல" என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அவள் வெட்கிப்போனாள். தச்சரிடம் கேட்டு, அவர் தன் மருமகனிடம் கேட்டு, அமைப்புகளில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பின்னணி இரைச்சல் நீக்கம். குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று இருந்தன. அவள்தான், தன் கையாலேயே, அதிகத்தில் வைத்தாள். மறுநாள் டீச்சர், "இப்ப மிஷின் சத்தம் சுத்தமா இல்ல" என்று பாராட்டினார். குட்டிக்குக் கணீரென்ற குரல், அம்மாவைப் போல. அவளுக்கு எந்தக் குறையும் வரவில்லை. இந்த வீட்டில் மடிக்கணினி கழித்துப் போட்டது இரண்டே சத்தங்களைத்தான்.

அவள் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அணைத்தாள். கைபேசியைத் தச்சரிடம் மறுபடி கொடுத்தாள்.

ஒரு நிமிடத்தில் பட்டறையிலிருந்து கூச்சல். "ஐயையோ! என் ரம்பம் என் காதுக்குள்ளயே ஓடுது! தெருவுல போற வண்டி, குழாயடிச் சண்டை, எல்லாம் கேக்குது!" அப்புறம் ரம்பம் நின்றது. அவள் மறுபடி முழுவதும் சொல்லி முடித்தாள். பிறகு அவர் தானே எழுந்து வந்து வாசலில் நின்றார். முதல் முறையாக, கத்தாமல் பேசினார். "எல்லாம் கேட்டுச்சும்மா. பதினெட்டாம் தேதி நான் பட்டறையே திறக்கல."

சொன்னபடியே திறக்கவில்லை. ஆனால் தெருவை யாரால் பூட்ட முடியும்? பதினெட்டாம் தேதி காலை அழைப்பு தொடங்கியதும் பின்பக்கத்து வீட்டில் யாரோ சுவரை இடிக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் லாரி வந்து நின்று உறுமியது.

திரையில் அலுவலர் முகம் சுளித்தார். "என்னம்மா இது, சந்தைக்கடை மாதிரி? அமைப்புல இரைச்சல் நீக்கம்னு ஒண்ணு இருக்கும் பாருங்க. அதை அதிகத்துல வைங்க."

யாராவது இப்படிச் செய் என்றால் உடனே செய்துவிடுவதுதான் அவள் வழக்கம். கை தானாகவே மடிக்கணினியை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது.

"வேணாம் மேடம்" என்றாள். "அதைப் போட்டா நானும் போயிடுவேன்."

"என்ன சொல்றீங்க?"

"போன தடவை அது போட்டிருந்தது. நீங்க கேட்ட நாலுக்கும் நான் பதில் சொன்னேன். இந்த மிஷின் என் குரலையும் இரைச்சல்னு நெனச்சுத் தள்ளிடுச்சு. இப்பதான் கண்டுபிடிச்சேன்."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்களுக்குக் கேக்கலேன்னு அப்பவே நீங்க கவனிக்கலையா? எங்க முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்குமே?"

"நான் பேசுறப்ப எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க மேடம். அதனால கேக்குதுன்னு நெனச்சேன்."

லாரி போய்விட்டது. சுவர் இடிக்கிற சத்தம் மட்டும் இருந்தது. பெரியப்பா கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"சரிம்மா" என்றார் அலுவலர். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "முதல் கேள்வியிலிருந்தே வருவோம். இந்தக் குழந்தை உங்ககிட்டயே இருக்கணும்னு விரும்புறீங்களா?"

"விரும்புறேன் மேடம். அவளைப் பேர் சொல்லி எழுப்பினா பதறிடுவா. அவ அம்மா போன அன்னிக்கு அப்படித்தான் எழுப்பினோம். அதனால நான் ஜன்னலைத் திறந்து விடுவேன், வெளிச்சம் பட்டுத் தானே எழுந்துப்பா. கணக்குல தப்புப் போட்டா மத்தவங்ககிட்ட காட்ட மாட்டா, என்கிட்ட காட்டுவா. எனக்குத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும். என்னைவிடப் பெரிய வீடு அவங்ககிட்ட இருக்கு. நல்லாப் பாத்துக்குவாங்க. அந்தப் பை நல்ல பை. அதை நான் இல்லேங்கல." அவள் மூச்சு வாங்கினாள். "உங்க கடுதாசி வந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் செருப்பைக் கதவுகிட்ட எடுத்து வெச்சுடுறா. நான் வேணாம்னு சொல்லிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. மத்த மூணு கேள்வி எப்படிப் போனாலும் சரி மேடம். இதை மட்டும் எழுத்துல போட்டுக் குடுங்க. அவ படிச்சுப் பாக்கணும்."

பெரியப்பாதான் முதலில் தொண்டையைச் செருமினார். அந்தக் கணீர்க் குரல் அடங்கிப்போயிருந்தது. "மேடம், எங்க ஏலக்கூடத்துல கத்திக் கத்திக் கேக்குறவன் பாதியில எழுந்து போயிடுவான். ஓரமா உக்காந்து ஒரு விரலை மட்டும் தூக்குறவங்க இருப்பாங்க. அவங்க கடைசி வரைக்கும் இறக்க மாட்டாங்க."

"இது ஏலம் இல்ல சார்" என்றார் அலுவலர்.

"தெரியும் மேடம். எனக்குத் தெரிஞ்ச தொழிலை வெச்சுத்தான் எனக்குப் பேச வரும். நான் கையை இறக்கிக்கிறேன். லீவுக்கு மட்டும் பிள்ளையை அனுப்பச் சொல்லுங்க."

அவர் தோளுக்குப் பக்கத்தில் தெரிந்த பாதி முகம் மெல்ல எழுந்து கட்டத்தை விட்டு வெளியே போனது. அதன்பின் அங்கே காலி நாற்காலியின் முதுகும், அலமாரியில் அந்தப் பையும்தான் தெரிந்தன. தையல்காரி அதைப் பார்த்தாள். அழைப்பு முடிந்து திரை கறுத்த பிறகும் அவள் கண் அந்த இடத்திலேயே இருந்தது.

கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. குட்டி உரக்கப் படித்தாள். "குழந்தை தன்னிடமே இருக்க வேண்டும் என்று சித்தி தெளிவாகத் தெரிவித்தார்." அந்த வரியை இரண்டாம் தரம் படித்தாள். பிறகு மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டாள். செருப்பு இன்னும் நாலைந்து நாள் கதவோரமே இருந்தது. அப்புறம் ஒருநாள் கட்டிலுக்கடியில் கிடந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரியப்பா வீட்டுக்கு வீடியோ அழைப்பு என்று ஏற்பாடு. முதல் வாரம் பெரியப்பா பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் பெரியம்மாவின் உதடு லேசாக அசைவதைத் தையல்காரி பார்த்தாள். குட்டி, "பெரியம்மா ஏன் பேசவே மாட்டேங்குறாங்க?" என்று அவள் காதில் கிசுகிசுத்தாள்.

அடுத்த வாரம் தையல்காரியே முதலில் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பெரியப்பாவைக் கொஞ்ச நேரம் வெளியே போகச் சொன்னாள். அவர் வாயைப் பிளந்துகொண்டு போனார். பெரியம்மாவை முழு முகமும் தெரிகிறாற்போல் நகர்ந்து உட்காரச் சொன்னாள். எங்கே அழுத்த வேண்டும், எந்த வரியைத் தேட வேண்டும், எதை அணைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெரியம்மா இரண்டு தரம் தப்பாகப் போய்த் திரும்பி வந்தார். மூன்றாம் தரம் சரியான இடத்தைப் பிடித்து அணைத்தார்.

பெரியம்மா குனிந்து, மடிக்கணினியில் வாயை ஒட்டினாற்போல் வைத்து, "ஹலோ, ஹலோ" என்று கத்தினார்.

"ஹலோ வேணாங்க்கா" என்றாள் தையல்காரி. "இவகிட்ட என்ன சொல்லணும்னு இருந்தீங்களோ, அதைச் சொல்லுங்க."

பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். குட்டியைப் பார்த்தார். திரும்பி அலமாரியைப் பார்த்தார். பிறகு, தையல்காரியின் குரலைவிடச் சின்னக் குரலில், "பை என்ன நிறம் பிடிக்கும்னு தெரியாமயே வாங்கிட்டேன்" என்றார்.

கேட்டது.

"பச்சை" என்றாள் குட்டி.